கையில் இருப்பது பென்சில் அல்ல

ஜனவரி 9

அன்புள்ள வாலு,

நலம். அங்கே எல்லோரும் நலமா என்று கேட்டால், "போனை எடுத்தால் தெரிந்துவிடுமே" என்று முறைப்பாய். ஆயுசு முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்ததில் என் காது தேய்ந்துபோய்விட்டது. போனில் நீ கத்துவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்பதில்லை. அதனால் எழுது. அறுபத்து நாலு வயது ஆளை வாலு என்று கூப்பிடுவதற்கும் கடிதம்தான் வசதி. போனில் கூப்பிட்டால் உன் மருமகள் சிரிப்பாள்.

நீ ஏவிய வேலையைத் தொடங்கிவிட்டேன். அப்பாவின் நூற்றாண்டுக்குக் குடும்ப நூல் போடுகிறவன் நீ, நூலகத்துப் படியேறி மூச்சு வாங்குகிறவள் நான். "நீதானே அந்த ஊரில் இருக்கிறாய்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய்! மகளுக்கு ஆஸ்பத்திரி வேலை இங்கே கிடைத்ததால் அவளோடு வந்து சேர்ந்தவள் நான். இந்த ஊரை விட்டுப் போனபோது எனக்கு ஒன்பது வயது, உனக்கு நான்கு. கண்ணாடித் தொழிற்சாலையின் புகைபோக்கியைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. உனக்கு அதுவும் இருக்காது.

மாடியில் உள்ளூர் வரலாற்று அறை என்று ஒன்று. பையை வெளியே வைக்க வேண்டும். பேனாவுக்குத் தடை, மை சிந்திவிடுமாம், பென்சிலால்தான் எழுதலாம். பழைய பத்திரிகைகளை ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு தொகுப்பு கேட்டால், முதலில் ஒரு தலையணையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, அதன்மேல் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் வைக்கிறாள் அந்த அறைப் பொறுப்பாளர் பெண். என் வீட்டுத் தலையணை இவ்வளவு மெத்தென்று இல்லை. மேசைக்கு ஒரு பூதக்கண்ணாடி, நூல் கட்டி வைத்திருக்கிறார்கள், யாரும் தூக்கிக்கொண்டு ஓடிவிடாதபடி.

அப்பாவை ஒரு இடத்தில் பிடித்துவிட்டேன். தொழிற்சாலை விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டிக்கு நடுவர், "ஸ்டோர்கீப்பர் அவர்கள்" என்று போட்டிருக்கிறது. எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் காட்டப் போனேன். அவள் தன் தொகுப்பிலேயே மூழ்கிக் கிடந்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மாத்திரையை வேளைக்குப் போடு.

உன் அக்கா

*

ஜனவரி 21

அன்புள்ள அக்கா,

கயிறு இழுத்தல் நடுவர்! அபாரம். அதை அப்படியே பிரதி எடுத்து அனுப்பு. அச்சகத்தில் பேசி முடித்துவிட்டேன். கெட்டி அட்டை, உள்ளே நல்ல தாள். ஏப்ரல் கடைசியில் விழா. உறவு சனம் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, ஆகவே நீ சாக்குப்போக்குச் சொல்லாமல் வேகமாகத் தேடு.

மூன்றாம் அத்தியாயத்துக்கு "தொழிலாளர் தோழர்" என்று தலைப்பு வைத்திருக்கிறேன். அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்ததே, அப்போது அப்பா தொழிலாளர் பக்கம் நின்றதால்தான் கம்பெனி அவரை வேறு கிளைக்கு மாற்றியது என்று அம்மா சொன்னதாக எனக்கு ஒரு நினைவு. அதற்கு ஆதாரம் வேண்டும். பத்திரிகையில் ஏதாவது இல்லாமலா போய்விடும்?

முதல் பக்கத்தை எழுதிவிட்டேன். கேள். மொட்டை மாடியில் அப்பா நட்சத்திரம் காட்டுகிறார். அவருக்கு விரலால் காட்டும் வழக்கமே கிடையாது, எதைக் காட்டினாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, அதன் காலை நீட்டித்தான் காட்டுவார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரில் நிற்கிற ஆள் முகமே தெரியாது. நான் கேட்கிறேன், "அப்பா, அந்த நட்சத்திரம் உங்களுக்குத் தெரியுதா?" அவர் சொல்கிறார், "எனக்குத் தெரியலைடா. உனக்குத் தெரியுதில்ல? அது போதும்."

எப்படி இருக்கிறது? படித்துக் காட்டினேன், மருமகள் அழுதுவிட்டாள்.

அன்புடன்,
வாலு

*

பிப்ரவரி 2

அன்புள்ள வாலு,

நட்சத்திரக் கதையை நானும் இரண்டு தடவை படித்தேன். எழுத்து வருகிறதடா உனக்கு! அந்தப் பழக்கம் என்னையும் விடவில்லை. பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதன் காலாலேயே வரியைத் தொட்டுக்கொண்டு போகிறேன். "கால் லூசாகிப் போகுதும்மா" என்று மகள் திட்டுகிறாள்.

உன் ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள். மேசையில் பக்கத்தில் உட்கார்வாள் என்றேனே, அவள்தான். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். தைத்ததைக் கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்துவிடுவாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள், வாய்க்கு வாய் அக்கா என்கிறாள். மத்தியானம் தன் சாப்பாட்டு டப்பாவில் பாதியை மூடியில் போட்டு என் பக்கம் தள்ளிவிடுவாள். வேண்டாம் என்றால் கோபம் வருகிறது அவளுக்கு. உன் பெருமையையெல்லாம் அவளிடம் அளந்தாயிற்று, "உங்க வாலு எப்படி இருக்காரு?" என்று விசாரிக்கிறாள்.

அவளுடைய அப்பாவும் அதே தொழிற்சாலைதான். டைம்கீப்பர். வாசலில் நின்று யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று குறிக்கிறவர், காதில் எப்போதும் பென்சில் செருகியிருக்குமாம். "எதுக்கும்மா தினமும் வர்றே, நீயும் புத்தகம் போடுறியா?" என்று கேட்டேன்.

"புத்தகம் எல்லாம் இல்லக்கா. எங்கப்பா மேல ஒட்டினதைக் கிழிக்கணும்" என்றாள்.

கையைப் பிடித்து நடைபாதைக்கு அழைத்துப் போனாள். இந்த ஊர்ப் பத்திரிகையை மூடியபோது பெட்டி பெட்டியாகப் போட்டோக்களை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஆள் தெரியாத படங்களை அங்கே பலகையில் குத்தி வைத்து, கீழே ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறார்கள். "இவர் யார்? சொன்னவர்? என்ன உறவு?" தெரிந்தவர்கள் எழுதலாம். பெரும்பாலும் கல்யாணக் கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், யாரோ ஒருவருடைய நாய். நாய்க்குக்கூட யாரோ எழுதியிருக்கிறார்கள்.

அவள் காட்டிய படம் வேலைநிறுத்தத்தின்போது எடுத்தது. தொழிற்சாலை வாசலில் கூட்டம். இந்தப் பக்கம் போலீஸ் வேன். வேன் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டு கூட்டத்தில் ஒருவரைக் காட்டுகிறது. கைக்குரியவர் முகம் நிழலில், பாதியைக் கம்பி மறைக்கிறது. கையில் மெல்லிதாக ஏதோ இருக்கிறது. அன்று அந்தக் கை யாரையெல்லாம் காட்டியதோ அவர்களை எல்லாம் சாயங்காலத்துக்குள் பிடித்துக்கொண்டு போனார்கள். வேலை போயிற்று, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சட்டி பானையோடு குடும்பங்கள் தெருவில் நின்றனவாம்.

சீட்டில், உலையில் வேலை பார்த்த ஒரு கிழவர் எழுதியிருக்கிறார். "கையில் பென்சில். டைம்கீப்பர்தான்."

"ஊர்ல அப்பவே அப்படித்தான் பேசிக்கிட்டாங்க. அன்னிக்கு எங்கப்பா காய்ச்சல்ல வீட்டுல படுத்திருந்தார், நான்தான் நெத்தியில துணி நனைச்சுப் போட்டேன். ஏழு வயசுப் பொண்ணு சொன்னா யாரு கேப்பா? எனக்கு ரெண்டு தடவை கல்யாணம் பேசி நின்னு போச்சு. அப்பா அதுக்கப்புறம் கடைத்தெருப் பக்கம் போகவே இல்லை" என்றாள்.

ஏப்ரலில் வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறார்களாம். இந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கீழே சீட்டில் உள்ளதை அச்சடித்துப் போடப்போகிறார்கள். மறுக்கிறவர்கள் அது வேறு யார் என்று சொல்ல வேண்டுமாம். அதற்காகத்தான் இவள் தினமும் வந்து பக்கம் பக்கமாகப் புரட்டுகிறாள்.

எனக்கு வயிறு எரிகிறதடா. எவனோ ஒரு பாவி செய்ததை ஒரு நல்ல மனுஷன் தலையில் கட்டியிருக்கிறார்கள். படத்தை மேசைக்குக் கேட்டு வாங்கி, நாளைக்கு அந்தப் பூதக்கண்ணாடியை வைத்து ஒரு கை பார்த்துவிடுகிறேன். அந்தப் பாவி மட்டும் அகப்படட்டும்!

உன் அக்கா

*

பிப்ரவரி 4

வாலு,

இதைத் தனியாக உட்கார்ந்து படி.

பார்த்தேன். அது பென்சில் அல்ல. கைமுஷ்டிக்கு அடியில் வட்டமாக ஒன்று, அதன்மேல் இன்னொன்று, இரண்டிலும் வெளிச்சம் பட்டு மின்னுகிறது. மடித்த மூக்குக் கண்ணாடி. நீட்டியிருப்பது அதன் கால். மணிக்கட்டில் கடிகாரம், முகம் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியது.

கடிகாரத்தை அப்படிக் கட்டுகிறவர் இன்னும் எத்தனையோ பேர் இருக்கலாம். கண்ணாடியைக் கழற்றிக் காட்டுகிறவர் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவரை உனக்கும் எனக்கும் தெரியும்.

"என்னக்கா தெரியுது?" என்று அவள் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலைம்மா, கண்ணு கூசுது" என்றேன். பிறகு அவள் டப்பாவைத் திறந்தாள். நான் சாப்பிட்டேன். சாப்பிட்டேன்டா.

உன் முதல் பக்கத்தை எடுத்துவிடு.

அக்கா

*

பிப்ரவரி 13

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். அறுபது வருஷத்துக்கு முந்தைய மங்கலான படத்தில், உங்கள் வயதில், நூல் கட்டிய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, பெற்ற தகப்பனைக் காட்டிக்கொடுத்தவர் என்று முடிவு செய்கிறீர்கள். உங்களுக்கே இது நன்றாக இருக்கிறதா?

அப்படியே வைத்துக்கொள்வோம். அவர் போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமாகிறது? நீங்கள் எழுதி ஒட்டுவதால் யார் திரும்பி வரப்போகிறார்கள்? இங்கே என் சம்பந்தி வீட்டார் இருக்கிறார்கள், பேரன் பள்ளிக்கூடத்தில் கொள்ளுத் தாத்தாவைப் பற்றிப் பேசி மெடல் வாங்கியிருக்கிறான். அந்த அம்மாளுக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவர்களுக்கு இது பழகிப்போயிருக்கும். நமக்குப் புதிது. நம்மால் தாங்க முடியாது.

நூலகத்துக்கு இனிப் போக வேண்டாம். கிடைத்தவரை போதும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி

*

பிப்ரவரி 20

தம்பி,

நீங்கள், உங்கள் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணப் பத்திரிகையில்கூட என்னை நீ அப்படிக் கூப்பிட்டதில்லை.

நானும் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். மூன்றாம் நாள் அவள் வாசலில் வந்து நிற்கிறாள். "என்னக்கா, காய்ச்சலா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கை பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மறுநாள் அவளோடுதான் போனேன்.

"பழகிப்போயிருக்கும்" என்று எழுதினாயே, அந்த வரியை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். நீ எழுதியதுதான், ஆனால் எனக்கும் மனசுக்குள் அதே நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது, எழுத்தில் பார்த்தபோதுதான் நாறியது. அவளுக்குப் பழகவில்லை, வாலு. சீருடை வாங்க வருகிற பிள்ளைகளின் பாட்டன்மார் இன்னும் அவள் வீட்டுக்குள் வருவதில்லை, வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போகிறார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள்.

அம்மா நீ சொல்வதுபோல் எதுவும் சொன்னதில்லை. புது ஊரில் பெரிய வீடு, அப்பாவுக்கு மேனேஜர் நாற்காலி. "ஏம்மா அந்த ஊரை விட்டு வந்தோம்?" என்று நான் கேட்டதற்கு, "கேக்காதே" என்றாள். அவ்வளவுதான் அம்மா சொன்னது. மிச்சமெல்லாம் நாமாகச் சேர்த்துக்கொண்டது. நல்ல பள்ளிக்கூடம், உன் படிப்பு, என் வேலை, எல்லாம் அந்த நாற்காலியிலிருந்துதான் வந்தன. அதை நினைத்தால் எனக்கு இந்த ஊர்த் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கக் கூச்சமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் மனசைப் போட்டு அரிக்கிறது. கண்ணாடி கையில் இருந்தால் அப்பாவுக்கு எதிரில் நிற்பவர் முகம் தெரியாதே. பிறகு யாரைக் காட்டினார்?

அக்கா

*

பிப்ரவரி 28

அக்கா,

நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவருக்கு முகம் தெரியவில்லை. அப்படியானால் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. மிரட்டி உட்கார வைத்திருப்பார்கள், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏதோ ஒரு பக்கம் கையை நீட்டியிருப்பார். அது குற்றமா? ஒரு வகையில் அது நல்ல மனசு.

விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. நீங்கள் அந்தச் சீட்டில் ஒரு எழுத்து எழுதினாலும் விழாவுக்கு வர வேண்டாம். இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 8

வாலு,

எழுதிவிட்டேன். எப்படி எழுதினேன் என்பதையும் கேட்டுவிடு. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

நானாக எழுதவில்லை. தினமும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். அவள் டப்பாவைத் திறப்பாள், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவேன். உன் அழைப்பிதழ் மிரட்டலும் எனக்கு நல்ல சாக்காகிவிட்டது. கண்காட்சி வரட்டும், போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன்.

முந்தாநாள் அவள் தொகுப்பைப் பார்த்துக்கொண்டே, "ஆஸ்பத்திரி செய்தின்னு ஒண்ணு இருக்காமே, அந்த வாரம் ஊரே காய்ச்சல்னு. எந்தப் பத்தியில அக்கா? எழுத்து ரொம்பப் பொடி" என்றாள். நான் எழுந்து போய்க் குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, மடித்து, காலை நீட்டி, "இதோ பாரு" என்று காட்டினேன்.

 செய்தியைப் படிக்கிறாள் என்று நினைத்து நான் அப்படியே காட்டிக்கொண்டு நின்றேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இப்படிக் காட்ட யாரு அக்கா சொல்லிக்கொடுத்தாங்க?"

"எங்கப்பா."

"உங்கப்பா எந்த டிபார்ட்மென்ட்னு சொன்னீங்க?"

"ஸ்டோர்."

வேறு யாருக்காவது அது சாதாரணக் கேள்வி பதில்தான். கண்ணாடி என் கையில் இருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, வெறும் வெளுப்பாக ஏதோ தெரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டால் தெரிந்திருக்கும். நான் மாட்டிக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் அது எனக்கு வசதியாக இருந்தது, வாலு. அப்போதுதான் அப்பாவை எனக்குப் புரிந்தது. நீ நல்ல மனசு என்று எழுதினாயே, அது இல்லை. பார்க்காமல் செய்தால் செய்தது குறைந்துவிடும் என்கிற நினைப்பு. அப்பா பார்க்காமல் காட்டினார் என்பதற்காகப் போலீஸ் ஒருவரையும் வீட்டுக்கு விட்டுவிடவில்லை.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?" என்றாள்.

"லென்ஸ் வச்சுப் பாத்தோமே, அன்னிக்கே."

"ஒரு மாசமா என் டப்பாவுல சாப்பிட்டீங்க."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "மன்னிச்சிடும்மா" என்று வந்ததா, வரவில்லையா, எனக்கே தெரியவில்லை. அவள் எழுந்து போய்ப் பலகையிலிருந்து அந்தப் படத்தைச் சீட்டோடு எடுத்து வந்தாள். பொறுப்பாளர் பெண் தடுக்க வந்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நின்றுகொண்டாள். படத்தை என் முன்னால் வைத்து, பென்சிலையும் வைத்தாள்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுதுங்க" என்றாள்.

போட்டுக்கொண்டேன். அவள் அழுதிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். "கையில் இருப்பது பென்சில் அல்ல, மூக்குக் கண்ணாடி. இவர் டைம்கீப்பர் இல்லை, ஸ்டோர்கீப்பர். சொன்னவர்: டெலிபோன் ஆப்பரேட்டர். உறவு: மகள்." எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. அவள் ஒருமுறை படித்தாள், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். சொல்.

அக்கா

*

ஏப்ரல் 17

வாலு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை, அழைப்பிதழும் வரவில்லை. மகள் போன் பண்ணிப் பார்க்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

கண்காட்சி தொடங்கிவிட்டது. வாசலில் நுழைந்ததும் அந்தப் படம்தான், அப்பாவின் கை என் தலைக்கு மேலே நிற்கிறது. கீழே நான் எழுதியதை அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள். மாடிப் பலகையில் பழைய படமும் சீட்டும் அப்படியே இருக்கின்றன. உலைக் கிழவர் பேரனைப் பிடித்துக்கொண்டு வந்து தான் எழுதியதைத் தானே அடித்துவிட்டுப் போனார். அவள் வீட்டு வாசலுக்குப் போய் வெகு நேரம் நின்றாராம். பொறுப்பாளர் பெண் சொன்னாள்.

அவள் இன்னும் அந்த அறைக்கு வருகிறாள். அவள் அப்பாவுக்குப் படமே கிடையாதாம். அந்தப் பேச்சு கிளம்பிய பிறகு மனுஷன் போட்டோவுக்கு நிற்க மறுத்துவிட்டார். அதனால் ஏதாவது விளையாட்டு விழாக் கூட்டத்தில் அவர் முகம் அகப்படுமா என்று தேடுகிறாள். நானும் அதைத்தான் தேடுகிறேன், மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து. என்னிடம் பேசுவதில்லை. மத்தியானம் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறாள்.

விழா நல்லபடி நடக்கட்டும். கோபமாகவாவது நாலு வரி எழுதுடா.

அக்கா

*

மே 6

அன்புள்ள அக்கா,

விழா நடந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. முதல் பக்கத்தை நான் எடுக்கவில்லை, மூன்றாம் அத்தியாயத்தையும் எடுக்கவில்லை. மேடையில் நட்சத்திரக் கதையை வாசித்தேன். பேரன் எழுந்து, "தாத்தா, கொள்ளுத் தாத்தா எப்படிக் காட்டுவாரு? செஞ்சு காட்டுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, கூட்டத்தைப் பார்த்து நீட்டினேன். கை தட்டினார்கள், அக்கா. எனக்கு எதிரில் ஒரு முகமும் தெரியவில்லை, தட்டுகிற சத்தம் மட்டும்தான். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. மருமகள் வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மயக்கம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டார்கள். மிச்சப் பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன.

போன வாரம் உன் ஊருக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன்? தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உன் ஜன்னலில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

கீழே பெரிய படத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் நேராக மாடிக்குப் போனேன். உன் கோணல் எழுத்தைப் பார்த்தேன். கீழே ஒரு விரல் அளவுக்கு இடம் இருந்தது. சட்டைப்பையில் பேனா வைத்திருந்தேன், அதற்கு அனுமதி இல்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். பென்சிலுக்கு எங்கே போவது என்று விழித்துக்கொண்டு நின்றபோது, மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நீட்டினார்கள். யார் என்று யோசிக்காமல் வாங்கிக்கொண்டேன். அவ்வளவு அவசரம் எனக்கு, எங்கே மனசு மாறிவிடுமோ என்று.

உன் "மகள்" என்பதற்குக் கீழே "மகன்" என்று எழுதினேன். திரும்பினால் அந்த அம்மாள் பின்னாலேயே நிற்கிறார்கள். படித்துவிட்டார்கள்.

"நீங்கதான் வாலுவா?" என்றார்கள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஊரெல்லாம் மேடை போட்டுப் பேசுகிறவன் நான். "அக்கா கீழ காபி குடிக்கப் போயிருக்காங்க. இப்ப வந்துடுவாங்க, உட்காருங்க" என்றார்கள். அவர்கள் உன்னை இன்னும் "அக்கா" என்றே சொன்னதைக் கேட்டதும்தான் எனக்குத் தாங்கவில்லை. படியிறங்கி ஓடிவந்துவிட்டேன். பின்படி வழியாக, நீ பார்த்துவிடாதபடி. ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், அவர்களுடைய பென்சில் என் சட்டைப்பையில் இருக்கிறது.

இத்துடன் வைத்திருக்கிறேன். நானே வந்து கையில் கொடுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதைக்கு நீ கொடுத்துவிடு. இந்தச் சாக்கிலாவது அவர்கள் பக்கத்தில் போய் நில்.

முனை மழுங்கியிருந்தது. சீவி வைத்திருக்கிறேன்.

உன்,
வாலு